அதலைக்காய்க்கு எந்தக் கட்டம்?

மஞ்சள் பையை என் மேசையில் அப்படியே கவிழ்த்தார் பேச்சியம்மாள். சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பச்சைக் காய்கள் உருண்டு வந்து என் டீத் தம்ளரைச் சுற்றியும், ஸ்டாம்ப் பேடின் மேலும், விரித்து வைத்திருந்த விண்ணப்பப் படிவத்தின் மேலும் நின்றன.

முதல் நாள் சாயங்காலம் பறித்த காய். ராத்திரி முழுக்கப் பைக்குள் கிடந்து புழுங்கியிருக்கிறது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காய் வாயைப் பிளந்து, 'விதைத்த / நட்ட தேதி' என்று அச்சடித்திருந்த இடத்தில் விதையைத் துப்பியது.

"இதுல என்ன தேதி போடட்டும்?" என்று கேட்டேன்.

"நான் விதைக்கலையே, மேடம்."

"அப்ப யாரு விதைச்சா?"

"அது உள்ளயே கெடக்கும்லா. மழை விழுந்தா வெளிய வரும்."

பேனாவை மூடி வைத்தேன். ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி அது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வட்டாரத்தில் நான் தோட்டக்கலை உதவி அலுவலர். உழவர் சந்தையில் கடை போட விவசாயிகளுக்கு அடையாள அட்டை வேண்டும். இன்னார் இன்ன நிலத்தில் இன்ன காய்கறி பயிர் செய்கிறார் என்று நான் போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அட்டை கிடைக்கும். கத்தரி என்றால் எழுதலாம். வெண்டை என்றால் எழுதலாம். விதைக்காமலே விளைவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தஞ்சாவூர்க்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் அதலைக்காய் தெரிந்திருக்க நியாயமில்லை. பாகற்காய்க்குத் தாயாதி. கசப்பில் அதற்குக் கொஞ்சம் இளையது. ஐப்பசியில் மழை விழுந்ததும் கரிசல் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் கிழங்கு முளைத்துக் கொடி ஓடும். மார்கழி வரை காய்க்கும். அப்புறம் கொடி இருந்த தடமே தெரியாது. காயின் இரண்டு முனையையும் கிள்ளிப் போட்டு, சின்ன உள்ளி என்கிற சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் முறுக வதக்கினால் ஒரு படி சோறு இறங்கும். ஒரே ஒரு குணக்கேடு, பறித்த காய் மறுநாளுக்குப் பொறுக்காது. அதனால்தான் அது ரயிலேறி உங்கள் ஊருக்கு வரவில்லை.

பேச்சியம்மாள் எழுந்து போவதாக இல்லை. இடைசெவல் போகிற பாதையில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும், என் வயதுதான். வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். இருக்கிற ஒன்றரை ஏக்கரில் பேச்சியம்மாள் ஒரு ஏக்கரில் மிளகாயும் மல்லியும் போடுகிறார். மீதி அரை ஏக்கரை அதலைக்கென்றே விட்டிருக்கிறார். அந்தக் காயைச் சந்தை வாசலுக்கு வெளியே தரையில் பரப்பி விற்பதும், வாசலை மறைக்கிறது என்று விரட்டப்படுவதும் அவருக்கு வழக்கமாகியிருந்தது.

விரட்டுவதைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் அவருடைய கொழுந்தன் மாடசாமி. கரிசலில் புன்செய் நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். அந்த அரை ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது, என்னிடம் விட்டால் உள்ளி போடுவேன் என்று மாடசாமி அண்ணனுக்குத் திருப்பூருக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார். அண்ணன் நடுநிலையாக ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆபீஸில் அது பயிர் என்று எழுதிக் கொடுத்தால் அவள் வைத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் தை மாதம் தம்பிக்கு.

"நீங்க பயிருன்னு எழுதுனா எனக்குக் காடு இருக்கும். எழுதலன்னா இல்ல. அம்புட்டுதான் மேடம்," என்றார் பேச்சியம்மாள்.

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பி வைத்தேன். அரசாங்க வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் அது.

பதினைந்து கட்டம்

நான் இப்படி ஆனதற்கு என் படிப்பும் ஒரு காரணம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. எங்கள் வீட்டுக் கொல்லையில் பலாவும் அன்னாசியும் நல்லமிளகும் கேட்பாரில்லாமல் கிடக்கும். உலகமே ஈரமாகத்தான் இருக்கும் என்று பதினேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் முதல் வாரமே ஒரு பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டார். பக்கவாட்டில் மூன்று: வெப்பமண்டலம், மித வெப்பமண்டலம், குளிர்மண்டலம். மேலே ஐந்து: பழம், காய்கறி, பூ, மலைத்தோட்டமும் நறுமணமும், மருந்து. ஆக மொத்தம் பதினைந்து கட்டம். கடவுள் படைத்த தோட்டப்பயிர் எதுவானாலும் இந்தப் பதினைந்தில் ஒன்றில் போய் உட்கார்ந்தே தீரும் என்றார். மா இங்கே, ஆப்பிள் அங்கே, மல்லிகை இங்கே, ஏலம் அங்கே. எனக்குப் புல்லரித்தது. நான்கு வருடமும் அந்தக் கட்டங்களை நிரப்பியே முதல் வகுப்பு வாங்கினேன்.

கரிசலுக்கு வந்த முதல் மாதமே கட்டம் ஆட்டம் கண்டது. எட்டயபுரம் பக்கத்தில் ஒரு மிளகாய்க் காட்டுக்குப் போயிருந்தேன். படிவத்தில் மிளகாய் இரண்டு இடத்தில் வரும். பச்சையாகப் பறித்தால் காய்கறி. பழுக்க விட்டு வற்றல் போட்டால் நறுமணப் பயிர். எதில் எழுத என்று காட்டுக்காரரைக் கேட்டேன்.

"வெலையப் பாத்துட்டுதான் பறிப்பேன். அன்னைக்கு வாங்க, சொல்லுதேன்," என்றார்.

மல்லியும் அதே கதை. இலைக்கு ஒரு கட்டம், விதைக்கு ஒரு கட்டம். முருங்கையைக் கேட்கவே வேண்டாம். காய் காய்கறிக் கட்டத்தில், இலைப்பொடி மருந்துக் கட்டத்தில், மரம் மட்டும் பாவம் வேலியோரத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இதற்கு நடுவில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். சொந்த ஊர்ப் பாசத்தில், மேலே எழுதிப் போட்டு ஜாதிக்காய்க் கன்றுகள் வாங்கி வந்துவிட்டேன். ஐம்பது கன்று. வெப்பமண்டலப் பயிர், இதுவும் வெப்பமான இடம், கட்டம் சரியாக இருக்கிறது என்பது என் வாதம். முதல் கன்றைக் கையில் வாங்கிய பெரியவர் இதற்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டார். தினமும் ஊற்ற வேண்டும் என்றேன். அவர் கன்றைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

"அப்ப மொதல்ல எங்களுக்குத் தெனமும் தண்ணி வர்றதுக்கு எழுதிப் போடுங்க. வந்தா இதுக்கும் ஊத்துவோம்."

கன்றுகள் அலுவலகச் சுவரோரம் வரிசையாக நின்று, வரிசையாகவே காய்ந்தன. போகிற வருகிறவர்கள் ஒவ்வொருவரும் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்காரருக்கு ஒரு கட்டம்

வகைப்படுத்துகிற வியாதி அலுவலகத்தோடு நிற்கவில்லை. வீட்டுக்கும் தொற்றியது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். நான் அவரை அலங்காரச் செடி என்ற கட்டத்தில் போட்டிருந்தேன். நிழலில் வைக்க வேண்டும், வேளா வேளைக்கு ஊற்ற வேண்டும், காய்க்காது. அவர் என்னை மிளகாய்க் கட்டத்தில் வைத்திருந்தார். பச்சையிலும் காரம், காய்ந்தாலும் காரம் என்பார்.

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு மளிகைக் கடைக்காரர் வீடு. அந்த அம்மாதான் ஒரு நாள் கிண்ணத்தில் கருகிய மாதிரி எதையோ கொடுத்தனுப்பினார். அடுப்பில் மறந்துவிட்டார் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். அலங்காரச் செடி அதில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டது, கிண்ணத்தை முழுதாகக் காலி செய்தது. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் அதலைதான். அவர் டிபன் பாக்ஸிலும் என் டிபன் பாக்ஸிலும் அதே வதக்கல்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நான் தலை குனியப் போகிறேன்.

மாதிரி காணாமல் போனது

பேச்சியம்மாள் வந்த அன்று மத்தியானமே காய்ப் பையோடு மேலதிகாரி அறைக்குப் போனேன். நல்ல மனிதர். சர்க்கரை வியாதிக்காரர். கையெழுத்துப் போடுவதென்றால் அந்தச் சர்க்கரை இன்னும் ஏறும்.

பட்டியலில் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். பட்டியலில் இல்லாத ஒன்றைப் பயிர் என்று எழுதினால் நாளைக்கு எருக்கஞ்செடிக்கும் அட்டை கேட்டு வருவார்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது, அதனால்தான் கேட்க வந்தேன் என்றேன். மாதிரி இருக்கிறதா என்றார். பையைத் திறந்து காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க கெடைச்சது? வீட்ல மூணு நாளா தேடிட்டிருக்காங்க. சுகருக்கு இது ஒண்ணுதான் கேக்குது எனக்கு."

பை அவரோடு வீட்டுக்குப் போனது. மறுநாள் காலை துவைத்து, நான்காக மடித்து என் மேசைக்குத் திரும்பி வந்தது. மாதிரி எப்படி இருந்தது என்று கேட்டேன். வழக்கத்தைவிடக் கசப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் குற்றம் சொல்ல முடியாது என்றார். கோப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காட்டைப் போய்ப் பாருங்க. மனுஷக் கை நட்டு வளத்ததா இருந்தா எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுதேன். தானா மொளச்சதுன்னா எங்கிட்ட கொண்டு வராதீங்க."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நட்டேன் என்று பேச்சியம்மாள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லையே.

என் பெயர் போட்ட நோட்டீஸ்

அன்றைக்கே மாடசாமி அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். வெள்ளை வேட்டி கட்டி, கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். பழத்தை மேசையில் வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

'உங்கள் காட்டில் இந்தக் களைகள் உள்ளனவா?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே ஆறு படங்கள். நான்காவது படத்தில் வெளிறிய பூவோடு ஒரு கொடி. அதன் கீழே 'அதலைக் கொடி. கண்டவுடன் அழிக்கவும்.' கடைசியில் என் பெயர், பதவி.

"உள்ளிக் காட்டுக்குன்னு நீங்க போட்டது மேடம். எங்க டீக்கடையில ஒட்டிருந்தாவ. நாங்க உங்க பேச்சதான கேக்குதோம்," என்றார்.

அதில் கிண்டல் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அந்த நோட்டீஸ் போட்டது அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால். மேலேயிருந்து களை பற்றி ஒரு நோட்டீஸ் போடச் சொன்னார்கள். எங்கெங்கோ இருந்து படங்களை எடுத்து, கொடிக்கு ஒரு படம் குறைகிறதே என்று இதையும் சேர்த்தேன். அப்போது ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்திருந்தது. அச்சடித்து வந்த அன்று மத்தியானம் அந்தக் கட்டின் மேல்தான் டிபன் பாக்ஸை வைத்துச் சாப்பிட்டேன். உள்ளே அதலைக்காய் வதக்கல்.

படத்தில் இருந்தது கொடியும் பூவும். டப்பாவில் இருந்தது காய். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. காயைத் தட்டில் பார்த்திருந்தேன், கொடியைக் காட்டில் பார்த்ததில்லை. முதல் வகுப்பில் தேறிய தோட்டக்கலைக்காரி நான். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கு எழுதும்போதும் இருக்கிறது.

மாடசாமி தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, மதினிக்கு ஒத்தாசையாக அவர் காட்டு ஓரத்தில் கொஞ்சம் களை மருந்துகூட அடித்து விட்டதாகச் சொன்னார்.

செருப்பில் இரண்டு கிலோ கரிசல்

வியாழக்கிழமை என் ஸ்கூட்டரில் கிளம்பினேன். முந்தின நாள் நல்ல மழை. தார் ரோடு முடிகிற இடத்தில் ஸ்கூட்டரும் முடிந்தது. மழை பெய்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் செருப்பு கனத்துக்கொண்டே போகும். நூறடி போவதற்குள் நான் நான்கு விரற்கடை உயர்ந்துவிட்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அரசாங்க அதிகாரியாக நடந்து போனேன்.

பேச்சியம்மாள் வரப்பில் நின்றிருந்தார். மாடசாமியும் வந்திருந்தார்.

ஓரமாக ஏழெட்டு உழவுச் சால் அகலத்துக்குக் கொடிகள் மஞ்சளித்துச் சுருண்டு கிடந்தன. பிஞ்சுகள் கருகி, காம்போடு தொங்கின. மருந்து வாடை இன்னும் போகவில்லை. அதற்கு அப்பால் மிச்சக் காடு பச்சையாக இருந்தது. கருவேல முள்ளை வெட்டி அங்கங்கே குவித்திருந்தார்கள், அதன் மேல் கொடி ஏறிப் படர்ந்து, காய் தரையில் படாமல் தொங்கியது.

பேச்சியம்மாள் கருகிய பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஏழெட்டுச் சால். 'கண்டவுடன் அழிக்கவும்' என்று எழுதியது நான். அழித்திருக்கிறார்கள். அந்த நோட்டீஸ் நான் போட்டது, தப்பு என்னுடையது என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன்.

"தெரியும் மேடம். டீக்கடையில நானும் பாத்தேன்," என்றார். இரண்டு வருடமாகத் தெரிந்திருந்தும் பையோடு என் மேசைக்கு வந்திருக்கிறார்.

படிவத்தை எடுத்தேன். முள்ளை யார் போட்டது என்று கேட்டேன், நான்தான் என்றார். ஆடு மேயாமல் காவலும் அவர்தான். கடைசிப் பறிப்பில் நூறு காயைக் கொடியிலேயே வெடிக்க விடுவதும் அவர்தான். எல்லாம் சரி. ஆனால் நட்டது யார் என்று கேட்டால் மட்டும் மறுபடியும் அது தானா வரும் மேடம் என்றார். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

மாடசாமி தொண்டையைச் செருமினார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. கரிசலுக்கு வந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு விவசாயி பொய் சொல்லக்கூடாதா என்று ஏங்கிக்கொண்டு நின்றேன்.

பானைக்குள் ஒரு கொடி

கால் கழுவத் தண்ணீர் கேட்டேன். வேப்பமரத்தடியில் குடம் இருக்கிறது என்றார். குடத்துக்குப் பக்கத்தில் வாய் உடைந்த ஒரு மண்பானை. அதன் வாயிலிருந்து ஒரு கொடி எட்டிப் பார்த்து, மரத்தைப் பிடித்து ஏறியிருந்தது. இரண்டு பிஞ்சும் விட்டிருந்தது.

காட்டில் கிழங்கு தானாகக் கிடக்கும், ஒத்துக்கொள்கிறேன். பானைக்குள் தானாகப் போய் உட்காருமா?

பானையைச் சாய்த்துக் கையை விட்டேன். கரிசல் மண்ணுக்குள் ஏழெட்டுக் கிழங்குகள் இருந்தன. பேச்சியம்மாள் ஓடி வந்தார்.

"அத விடுங்க மேடம்."

என்ன இது என்று கேட்டேன். அவர் மாடசாமி நிற்கிற இடத்தைப் பார்த்தார். அவர் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"சித்திரையில மத்தவிய காட்டுல கோடை உழவு போடும்போது டிராக்டர் கொழுவுல கெழங்கு மேல வந்து கெடக்கும். அவிய வரப்புல தூக்கி எறிஞ்சிருவாவ. நான் பொறுக்கிட்டு வந்து பானையில போட்டு வச்சிருந்து, ஆடியில ஊணுவேன். இது ஊணுனது போக மிச்சம். இங்கன கெடக்கதுல முக்காவாசி அப்பிடி ஊணுனதுதான்."

"இத்தன நாளா ஏன் சொல்லலை?"

"ஊரான் காட்டுல பொறுக்குனதுலா மேடம். களவுன்னு எழுதிட்டீங்கன்னா?"

எத்தனை வருடமாக இப்படிச் செய்கிறீர்கள் என்றேன். மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தி இருந்தே என்றார். அந்த மூத்தவளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அடுத்தவர் காட்டில் எடுத்ததைத் தன் காட்டில் நட்டால் திருட்டு, தானாக முளைத்தது என்றால் குற்றமில்லை என்று அவர் பாட்டுக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பயத்தில்தான், காடே கைவிட்டுப் போகிற நேரத்திலும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

தூக்கி எறிந்ததைப் பொறுக்குவது களவில்லை என்று சொல்லிவிட்டு மாடசாமியைக் கூப்பிட்டேன். பானையைக் காட்டி விவரத்தைச் சொன்னேன். அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார்.

"களையக் கொண்டாந்து நட்டா அது பயிராயிருமா மேடம்?"

"ஆயிரும். நட்டுக் காவல் காத்தா பயிருதான். உங்க உள்ளியும் ஒரு காலத்துல எவரோ பொறுக்கிட்டு வந்து நட்டதுதான்."

ஜாதிக்காய் விவகாரத்தில் காணாமல் போயிருந்த தைரியம் எனக்கு அன்றைக்குத்தான் திரும்பி வந்தது. வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். நட்ட தேதி என்ன என்று கேட்டதும் பேச்சியம்மாள் யோசிக்கவேயில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்து போய்விட்டு வந்த மறுநாள், ஒவ்வொரு வருடமும் அன்றைக்குத்தான் என்றார். காலண்டரைப் பார்த்துத் தேதியைப் போட்டேன். என் அலுவலகக் கோப்புகளில் அவ்வளவு துல்லியமான தேதி வேறு எதற்கும் இருந்திருக்காது.

அலுவலகத்துக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இன்னொரு கூத்து. பயிர்ப் பட்டியலைத் திறந்தால் ஸ்ட்ராபெர்ரி இருக்கிறது. புரோக்கோலி இருக்கிறது. ஆப்பிள்கூட இருக்கிறது, பாஞ்சாலங்குறிச்சி வெயிலில் ஆப்பிள் போட்டவருக்கும் அட்டை கொடுக்கத் தயாராக இருந்தோம். அதலை இல்லை. 'இதர காய்கறிகள்' என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அதில் போட்டேன். மேலதிகாரி கையெழுத்திட்டார். பேனாவை மூடும்போது, அந்த அம்மா எந்தக் கிழமை சந்தைக்கு வருவார் என்று விசாரித்தார்.

பத்து நாளில் அட்டை வந்தது. திருப்பூருக்குப் போன் போட்டுச் செய்தி சொல்லிவிட்டதாகவும், அவர் 'சரி' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிட்டதாகவும் பேச்சியம்மாள் சொன்னார். பரோட்டா அடுப்பில் கிடந்திருக்கும்.

நான் ஒரு மாதம் ஊர் ஊராகப் போய் என் நோட்டீஸை நானே கிழித்தேன். டீக்கடைச் சுவரில் கிழித்தேன், உரக்கடையில் கிழித்தேன். ஒரு கடையில் அதில் வடை வைத்துக் கொடுத்தார்கள், தின்றுவிட்டுத் தாளைக் கசக்கிப் போட்டேன். வாட்ஸ்அப்பில் போனதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைக்கும் எங்காவது ஒரு குழுவில் 'விவசாயிகள் கவனத்துக்கு' என்று அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஐப்பசி

மறு வருடம் மழை கொஞ்சம் அதிகம். ஊரெல்லாம் உள்ளி அழுகியது. அதலை மட்டும் எதற்கும் அசையாமல் காய்த்துத் தள்ளியது.

ஒரு காலையில் மாடசாமி அலுவலகத்துக்கு வந்தார். இந்தத் தடவை எலுமிச்சம்பழம் இல்லை, மஞ்சள் பை. பையை என் மேசையில் கவிழ்த்தார். கூடவே நிரப்பிய படிவத்தையும் நீட்டினார். பயிர்: அதலை. நட்ட தேதி: ஆடிக் கடைசி வெள்ளிக்கு மறுநாள்.

நான் நம்பவில்லை. கிழங்கு ஏது என்று கேட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஜாதிக்காய்க் கன்று நின்ற காலித் தொட்டிகளைப் பார்த்தார்.

"மதினி தந்தாவ," என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மருந்தடித்த கைக்கே கிழங்கைக் கொடுத்திருக்கிறாரே, என்ன மனசு என்று அன்று முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் அலங்காரச் செடியிடமும் சொன்னேன். அந்த வாரமே சந்தைக்குப் போனேன். பேச்சியம்மாள் உள்ளே, கூரைக்குக் கீழே, தராசோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய பெரிய மனசைப் பாராட்டி நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவன் அந்தப் பக்கம் மருந்தடிச்சா காத்துல எங்காட்டுக்குலா வருது, மேடம். இப்ப அவன் காட்டுலயும் அதலை நிக்கி. இனி எப்பிடி அடிப்பான்னு பாப்போம்."

சொல்லிவிட்டு எனக்கு அரைக் கிலோ நிறுத்தார். மேலதிகாரி வீட்டுக்கு ஒரு கிலோ தனியாகக் கட்டி வைத்திருந்தார், அதையும் என்னிடமே கொடுத்தனுப்பினார்.